மூளையின் விலை: தகவமைவு பற்றிய ஒரு மறுவிசாரணை

1. கேள்வி

மூளை பெரிதாகப் பெரிதாக உயிரினம் தன் சூழலுக்கு மேலும் நன்றாகப் பொருந்திக்கொள்கிறது என்ற எண்ணம் பள்ளிப் பாடத்திலிருந்து பொதுப்பேச்சு வரை வேரூன்றியிருக்கிறது. மீனில் தொடங்கி, தவளை, பல்லி, எலி, குரங்கு என்று ஏறி மனிதனில் முடியும் மூளைப் படவரிசையைப் பார்க்காமல் நம்மில் அநேகர் உயிரியல் படித்திருக்க மாட்டோம். அந்தப் படவரிசை இரண்டு செய்திகளை ஒருசேரச் சொல்கிறது. மூளை வளர்ந்துகொண்டே வந்தது என்பது ஒன்று. அந்த வளர்ச்சிதான் வெற்றி என்பது மற்றது. முதற்செய்தி பரிணாமத்தின் சில கிளைகளுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது செய்தியை இக்கட்டுரை விசாரிக்கிறது.

மூளை உயிருக்கு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உதவிக்கு விலை உண்டு. செலுத்தும் விலைக்குப் பெறும் பயன் ஈடாகுமா என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் மூளையின் ஒரு பகுதியை வளர்த்துக்கொள்வது தகவமைவு என்றால், இன்னோரிடத்தில் அதைக் குறைத்துக்கொள்வதும் தகவமைவுதான். இந்தக் கணக்கு மூன்று கால அளவுகளில் நடக்கிறது: ஓர் ஆண்டின் பருவங்களுக்குள், ஓர் உயிரின் ஆயுளுக்குள், பல்லாயிரம் தலைமுறைகளுக்குள். மூன்றுக்கும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. அவற்றின் வலிமை ஒன்றுபோல் இல்லை.

2. எடையும் எரிபொருளும்

முதலில் அளவு என்பதையே கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்க யானையின் மூளை நாலரை முதல் ஐந்து கிலோ. மனித மூளை ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. எடைதான் அளவுகோல் என்றால் விசாரணையே தேவையில்லை. பிரேசில் நரம்பியலாளர் சூசானா ஹெர்குலானோ-ஹூசல், மூளைத் திசுவைக் கரைத்து அதிலுள்ள உயிரணுக் கருக்களை எண்ணும் முறையை உருவாக்கினார். 2009இல் அவரது குழு வெளியிட்ட கணக்கின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. 2014இல் ஒரு யானையின் மூளையை எண்ணியபோது 25,700 கோடி கிடைத்தது. ஆனால் அதில் ஏறத்தாழ 98 சதவீதம் சிறுமூளையில் இருந்தது. பெருமூளைப் புறணியில் மனிதனுக்கு 1,600 கோடி நரம்பணுக்கள். யானைக்கு 560 கோடி. துதிக்கையின் நுண்ணிய அசைவுகளை ஆள அத்தனை நரம்பணுக்கள் சிறுமூளையில் தேவைப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒரே ஒரு யானையை வைத்துச் செய்த எண்ணிக்கை இது என்பதை மறக்கலாகாது. ஆயினும் ‘மூளை எவ்வளவு பெரியது’ என்று கேட்பதைவிட ‘எந்தப் பகுதி, எந்த வேலைக்காக, என்ன செலவில்’ என்று கேட்பதே பயன்தரும் என்பதை அது தெளிவாக்குகிறது.

செலவு சிறியதன்று. மனித உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நாம் உறங்கும்போதும் அந்தச் செலவு நிற்பதில்லை. புலன் உறுப்புகளின் கணக்கும் இதனுடன் சேரும். மெக்சிகோவின் குகை நீரில் வாழும் அஸ்டியானாக்ஸ் என்ற மீனினத்தில் கண்ணுள்ள ஆற்று வகையும் கண்ணிழந்த குகை வகையும் உண்டு. பார்வைக்கும் அதற்கான மூளைத் திசுவுக்கும் ஒரு கிராம் எடையுள்ள இளம் மீன் தன் ஓய்வுநிலை ஆற்றலில் சுமார் 15 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இருளும் உணவுப் பஞ்சமும் நிறைந்த குகையில் அந்தச் செலவால் ஒரு பயனும் இல்லை. கண்ணிழந்ததைக் குறைபாடு என்று சொல்லப் பழகியிருக்கிறோம். குகைக்குள் அது சேமிப்பு.

மூளைக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. மனிதக் கால்வழியில் குடல் சிறுத்ததால் மிஞ்சிய ஆற்றல்தான் மூளையை வளர்த்தது என்று 1995இல் லெஸ்லி ஐயெல்லோவும் பீட்டர் வீலரும் வாதிட்டனர். கேட்டவுடன் ஏற்கத் தோன்றும் விளக்கம். அதனாலேயே அது வேகமாகப் பரவியது. 2011இல் அனா நவரேட்டேயும் சகாக்களும் நூறு பாலூட்டி இனங்களை அளந்து பார்த்தபோது, மூளை பெரிதானால் குடல் சிறிதாகும் என்ற பொதுவிதி தென்படவில்லை. பெரிய மூளையுள்ள இனங்களில் உடற்கொழுப்புச் சேமிப்பு குறைவாக இருப்பதே தெரிந்தது. கொழுப்பும் பஞ்சகாலத்துக்கான காப்பு, அறிவும் பஞ்சகாலத்துக்கான காப்பு. ஒன்று இருந்தால் மற்றது அவ்வளவு தேவையில்லை என்று அதை வாசிக்கலாம்.

ஆனால் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. கொசுப்புழுவை ஒழிக்க நம் ஊர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடப்படும் கப்பி மீன் இதற்குச் சான்று தருகிறது. அலெக்சாண்டர் கோட்ரஷாலும் சகாக்களும் கப்பிகளில் பெரிய மூளையுள்ளவற்றையும் சிறிய மூளையுள்ளவற்றையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்வித்தனர். இரண்டே தலைமுறையில் இரு வகைகளுக்கும் மூளை அளவில் 9 சதவீத வேறுபாடு எழுந்தது. எண்ணிக்கையை வேறுபடுத்தி அறியும் சோதனையில் பெரிய மூளையுள்ள பெண்மீன்கள் சிறந்தன. அதே வகைக்குக் குடல் சிறுத்தது. ஈன்ற குஞ்சுகளும் குறைந்தன. 2013இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இனங்களை ஒப்பிடும் ஆய்வில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். இங்கே ஆய்வாளரே மூளையின் அளவை மாற்றினார். விலை கண்ணெதிரே தெரிந்தது.

3. குளிர்காலத்தில் சுருங்கும் மண்டையோடு

நம் வீடுகளில் இரவில் சுவரோரமாக ஓடும் மூஞ்சூற்றுக்கு ஐரோப்பாவில் பல உறவினங்கள் உண்டு. அவற்றுள் பத்து கிராம் அளவே எடையுள்ள ஒன்று, பொது மூஞ்சூறு. எலி இனத்தைச் சேர்ந்ததல்ல இது, பூச்சி தின்னி. பாலூட்டிகளில் மிக வேகமாக ஆற்றலை எரிக்கும் உயிர்களில் ஒன்று. சில மணி நேரம் உணவு கிடைக்காவிட்டால் இறந்துவிடும். பறவையைப்போல் வலசை போக முடியாது. கரடியைப்போல் கொழுப்பைச் சேர்த்துவைத்து உறங்கவும் முடியாது. உறைபனிக் காலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது?

போலந்து விலங்கியலாளர் ஆகஸ்ட் டேனல், 1949இல் ஒரு விந்தையான கவனிப்பை வெளியிட்டார். கோடையில் பிடித்த இளம் மூஞ்சூறுகளின் மண்டையோட்டைவிடக் குளிர்காலத்தில் பிடித்தவற்றின் மண்டையோடு தட்டையாக இருந்தது. வசந்தத்தில் மீண்டும் உயர்ந்தது. பெரிய தலையுள்ளவை குளிரில் செத்துப்போய் சிறிய தலையுள்ளவை மட்டும் மிஞ்சியதால் ஏற்பட்ட தோற்றம்தானோ இது என்ற ஐயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நியாயமான ஐயம். டேனலும் அவரைப் பின்பற்றியவர்களும் அளந்தவை வெவ்வேறு விலங்குகளின் எலும்புகள்.

ஜெர்மனியில் டீனா டெக்மனின் குழுவில் பணியாற்றிய ஹவியர் லாசரோ 2017இல் இதற்கு விடை கண்டார். மூஞ்சூறுகளைப் பிடித்து, அடையாளமிட்டு, எக்ஸ்ரே எடுத்து, காட்டில் விட்டு, மீண்டும் பிடித்து எக்ஸ்ரே எடுத்தனர். ஒரே விலங்கின் மூளைப்பெட்டி குளிர்காலத்துக்குள் சராசரியாக 15 சதவீதம் சுருங்கி, வசந்தத்தில் 9 சதவீதம் மீண்டும் வளர்ந்தது. எலும்பே கரைந்து மறுபடி உருவாகிறது. ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே வாழும் உயிர் தன் ஆயுளில் ஒருமுறை இப்படிச் சுருங்கி வளர்கிறது.

பட்டினியால் வந்த சேதம் என்று இதைச் சொல்லலாமா? சொல்ல இயலாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பனி விழுவதற்கு முன்பே, உணவு இருக்கும்போதே சுருக்கம் தொடங்கிவிடுகிறது. மற்றொரு காரணம் அகழெலிகள் பற்றிய 2022ஆம் ஆண்டு ஆய்விலிருந்து கிடைக்கிறது. ஐரோப்பாவின் குளிர்ப்பகுதி அகழெலியிடம் குளிர்காலச் சுருக்கம் உண்டு. வறண்ட கோடையில் உணவுத் தட்டுப்பாட்டைச் சந்திக்கும் ஸ்பானிய அகழெலியிடம் அது இல்லை. பசி மட்டும் காரணமென்றால் இரண்டாவதும் சுருங்கியிருக்க வேண்டும். குளிர், பசி இரண்டும் சேரும்போதுதான் இந்த உத்தி எழுகிறது என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கும் விலை உண்டு. குளிர்கால மூஞ்சூறுகள் உணவிருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளும் சோதனையில் கோடைகால இளம் விலங்குகளைவிட அதிகத் தொலைவு அலைந்தன. வசந்தத்தில் மீண்டும் திறன் கூடியது. அதாவது மூஞ்சூறு சில மாதங்களுக்கு அறிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உயிரை வைத்துக்கொள்கிறது. அளவைக் கொண்டு அறிவையும், அறிவைக் கொண்டு தகவமைவையும் அளப்பவர்களுக்கு இந்தச் சின்னஞ்சிறு விலங்கைவிடக் கடினமான எதிர்ச்சான்று இல்லை.

4. விதை மறைக்கும் பறவைகள்

அதே குளிர்காலத்துக்கு நேர்மாறான விடையைச் சில பறவைகள் கண்டுள்ளன. வட அமெரிக்காவின் சிக்கடி என்ற சிறு பறவை இலையுதிர்காலத்தில் விதைகளையும் பூச்சிகளையும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, பனிக்காலத்தில் தேடி எடுக்கிறது. கிளார்க் நட்கிராக்கர் என்ற காக்கை இனப் பறவை ஒரு பருவத்தில் பல்லாயிரம் பைன் விதைகளைப் புதைத்து, மாதக்கணக்கில் அந்த இடங்களை நினைவில் வைத்திருக்கிறது. இட நினைவுக்கு மையமான மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். உணவை ஒளிக்கும் பறவைகளுக்கு இப்பகுதி ஒப்பளவில் பெரிது என்று 1989இல் இரண்டு ஆய்வுகள் தெரிவித்தன.

இந்தக் கருத்துக்கு எழுந்த எதிர்ப்பையும் சொல்லியாக வேண்டும். 2001இல் யோஹான் போல்ஹவிசும் யூவன் மக்ஃபெயிலும் இத்துறையின் அணுகுமுறையையே கேள்விக்குள்ளாக்கினர். ஒரு மூளைப் பகுதியின் பரிமாணத்தை ஒரு பழக்கத்தோடு முடிச்சுப்போட்டுவிட்டு இயற்கைத் தேர்வு என்று பெயர் சூட்டுவது போதாது என்பது அவர்கள் வாதம். 2003இல் வேறொரு குழு கூடுதல் இனங்களைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பே மறைந்துவிட்டது. பிறகு ஐரோப்பிய இனங்களையும் வட அமெரிக்க இனங்களையும் கலந்ததால் வந்த விளைவு அது என்று காட்டப்பட்டது. ஐரோப்பியப் பறவைகளுக்குப் பொதுவாகவே ஹிப்போகாம்பஸ் பெரிது. அந்த வேறுபாட்டைக் கழித்தபின் தொடர்பு திரும்பவும் தெரிந்தது. சிக்கடியின் ஹிப்போகாம்பஸில் இலையுதிர்காலத்தில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகச் சேர்கின்றன என்று பார்னியாவும் நொட்டெபோமும் 1994இல் கண்டதும் இவ்வாறே கேள்விக்குள்ளானது. பின்வந்த ஆய்வுகள் அந்த உச்சத்தை வேறு மாதங்களில் கண்டன, அல்லது காணவே இல்லை.

ஆகவே இனங்களுக்கிடையிலான ஒப்பீட்டைவிட, ஓர் இனத்துக்குள்ளேயே நடந்த ஆய்வுகளை நான் அதிகம் நம்புகிறேன். விளாதிமிர் பிரவோசுதோவ் அலாஸ்காவின் சிக்கடிகளையும் கொலராடோவின் சிக்கடிகளையும் 2002இல் ஒப்பிட்டார். கடுங்குளிர்ப் பகுதியான அலாஸ்காவின் பறவைகள் அதிகமாக ஒளித்தன, சரியாகத் தேடி எடுத்தன. அவற்றின் ஹிப்போகாம்பஸும் பெரிதாக இருந்தது. பயிற்சியால் வந்த வேறுபாடா, பிறவியிலேயே உள்ளதா? பத்தாண்டுகள் கழித்து, வெவ்வேறு தட்பவெப்பப் பகுதிகளின் குஞ்சுகளை ஒரே சூழலில் கையால் ஊட்டி வளர்த்தபோதும் நினைவுத்திறனிலும் நரம்பணு எண்ணிக்கையிலும் வேறுபாடு நிலைத்தது.

இத்துறையின் மிக நேர்த்தியான சோதனை கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடந்தது. மலைச் சிக்கடிகளின் காலில் மின்னணு அடையாள வளையம் மாட்டப்பட்டது. எட்டு உணவுப் பெட்டிகளில் ஒவ்வொரு பறவைக்கும் ஒன்றே ஒன்று மட்டும் திறக்கும். தன் பெட்டி எது என்பதை விரைவில் கற்று, தவறாமல் நினைவில் வைத்த இளம் பறவைகள் தம் முதல் குளிர்காலத்தைத் தாண்டி உயிர்பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2019இல் வெளியான இந்த முடிவு, நினைவுத்திறன் காட்டில் உயிரைக் காக்கிறது என்பதை நேரடியாகக் காட்டிய அரிய சான்று. போல்ஹவிசும் மக்ஃபெயிலும் கேட்ட சான்றுக்கு மிக அருகில் வருவது இதுதான். இந்தச் சோதனை அளந்தது நினைவையும் பிழைப்பையும். மூளையின் பரிமாணத்தை அல்ல.

5. மாறும் சூழலில் இரண்டு வழிகள்

இவ்விரு உதாரணங்களையும் ஒரு பெரிய விவாதத்துக்குள் வைத்துப் பார்க்கலாம். சூழல் நிலையற்றதாக இருந்தால் புதிய உணவு, புதிய நடத்தை என்று மாற்றிக்கொள்ள பெரிய மூளை கைகொடுக்கும் என்பது ஒரு செல்வாக்குள்ள கருதுகோள். மனிதர்கள் புதிய நாடுகளில் கொண்டுபோய்விட்ட பறவைகளின் 600க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை 2005இல் டேனியல் சோலும் சகாக்களும் ஆராய்ந்தனர். உடலளவுக்கு ஒப்பாகப் பெரிய மூளையுள்ளவை புதிய இடத்தில் நிலைபெறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டனர்.

ட்ரெவர் ஃபிரிஸ்டோவும் கார்லோஸ் பொட்டேரோவும் இதைச் செம்மைப்படுத்தினர். 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மாறும் சூழல் மூளையைப் பெரிதாக்கவில்லை; முன்பே பெரிய மூளை வாய்த்த கால்வழிகள் அத்தகைய சூழல்களில் பின்னர் குடியேறின. 2019இல் அவர்கள் இன்னும் சுவையான ஒன்றைக் கண்டனர். பருவத்துக்குப் பருவம் கடுமையாக மாறும் வடக்குப் பகுதிகளில் பெரிய மூளைப் பறவைகளும் சிறிய மூளைப் பறவைகளும் மிகுந்திருக்க, நடுத்தர அளவு குறைந்திருந்தது. அண்டங்காக்கை போன்றவை சிந்தித்துப் பிழைக்கின்றன. பனிக்கோழி போன்றவை பெரிய உடலும் வலுவான குடலும் கொண்டு, எளிதில் கிடைக்கும் மட்டமான இலை தழைகளையே தின்று பிழைக்கின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடைகள். பனிக்கோழியை மந்தமான பறவை என்று ஒதுக்குவது, ஒரு விடையை மட்டும் திருத்தி மதிப்பெண் போடுவதற்கு ஒப்பு.

6. மனிதர்: ஆயுளுக்குள் நடக்கும் பேரம்

மனித மூளையின் தனித்தன்மை அளவைவிட, பிறந்தபின் அது சூழலால் எவ்வளவு காலம் வடிவமைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. எலினார் மக்வயரின் லண்டன் டாக்சி ஓட்டுநர் ஆய்வுகள் இதற்குப் பெயர்பெற்றவை. அங்கே உரிமம் பெற சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்திலுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000இல் மக்வயர் அறிவித்தார். பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்களே இத்தொழிலுக்கு வந்திருக்கலாமே என்ற மறுப்புக்கு விடை 2011இல் வந்தது. பயிற்சிக்கு முன் 79 பேரிடம் வேறுபாடு இல்லை. அவர்களில் தேறிய 39 பேரிடம் மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. ஒரே வழித்தடத்தில் ஓட்டும் பேருந்து ஓட்டுநர்களிடம் டாக்சி ஓட்டுநர்களின் அமைப்பு காணப்படவில்லை.

செய்தித்தாள்கள் இதுவரை சொல்லி நிறுத்திக்கொண்டன. ஆய்வுக் கட்டுரைகள் மேலும் சொன்னதைப் பொதுப்பேச்சு கவனிக்கவில்லை: 2000ஆம் ஆண்டு ஆய்வில் ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சிறுத்திருந்தது; பிந்தைய ஆய்வுகளில், சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் சோதனையில் தேர்ந்த ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினர். கற்றலைப் புகழும்போது அதற்காக விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

குழந்தைப் பருவத்தில் இந்தப் பேரம் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. கிறிஸ்டோபர் குசாவாவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, ஏறத்தாழ ஐந்து வயதில் குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஆற்றல், உடலின் ஓய்வுநிலை ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். மூளையின் தேவை உச்சத்திலிருக்கும் அந்த வயதில்தான் உடல் வளர்ச்சி மிக மெதுவாக நடக்கிறது. உடல் காத்திருக்கிறது, மூளை உண்கிறது. பிற குரங்கினங்களைவிட நம் பிள்ளைப்பருவம் நீண்டிருப்பதற்கு இது ஒரு வலுவான விளக்கம். தமிழ்நாட்டின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. குசாவாவின் உச்சம் அந்த வாசலில் நிற்கிறது. அதற்கு முந்தைய ஏற்றம் முழுவதும் அங்கன்வாடி வயதில் நடக்கிறது. அங்கன்வாடித் தட்டில் எவ்வளவு பருப்பும் முட்டையும் விழுகிறது என்பது நரம்பியல் கேள்வியும்தான்.

7. தீவு ஆட்டின் சிக்கனம்

பல்லாயிரம் தலைமுறைகளின் அளவில் நடந்த ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். மத்தியதரைக் கடலின் மயோர்க்கா, மெனோர்க்கா தீவுகளில் மயோட்ராகஸ் என்ற ஆட்டினம் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் வாழ்ந்தது. அதைத் துரத்தப் பெரிய ஊனுண்ணி எதுவும் அங்கே இல்லை. உணவு மட்டும் அளவுக்குட்பட்டது. மெய்க்கே கோலரும் சல்வடோர் மொயா-சோலாவும் 2004இல் அதன் புதைபடிவங்களை அளந்து, ஒத்த உடலளவுள்ள நிலப்பரப்பு இனங்களோடு ஒப்பிட்டால் மூளை பாதி அளவுக்குச் சுருங்கியிருந்ததைக் காட்டினர். கண்குழிகளும் சிறுத்திருந்தன. எதிரி இல்லாத இடத்தில் எதிரியைக் கண்காணிக்கும் கருவிக்குச் செலவிடுவது வீண்.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் அத்தீவுகளை அடைந்த காலத்தை ஒட்டி மயோட்ராகஸ் மறைந்தது. சுருங்கிய மூளைதான் அதை அழித்தது என்று எழுதிவிடுவது எளிது. சான்று அவ்வளவு தூரம் இடம்கொடுக்காது. அது மெதுவாக வளர்ந்து, தாமதமாக இனம்பெருக்கிய விலங்கு என்பதை எலும்பின் நுண்ணமைப்பு காட்டுகிறது. வேட்டைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போக அது மட்டுமே போதும். மூளை சுருங்காத பல தீவு இனங்களும் மனித வருகைக்குப் பின் அழிந்திருக்கின்றன. மறுபுறம், 50 லட்சம் ஆண்டுகள் நீடித்த ஓர் உடலமைப்பைத் தோல்வி என்று அழைக்கும் உரிமை நம் இனத்துக்கு இல்லை. நாம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளே ஆகின்றன.